எண்ணமும் இசைவும்: கிறித்தவ மரபில் சோதனையை எதிர்த்தல் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கிறித்தவ வாழ்வில் சோதனையை எதிர்த்து நிற்றல் என்பது மறையுரைகளிலும் பக்தி நூல்களிலும் இடைவிடாது பேசப்பட்டு வரும் பொருளாகும். நோன்பு, வேண்டல், மனவுறுதி ஆகியன அதற்குரிய வழிகளாகப் பொதுவில் கூறப்படுகின்றன. எனினும் இவ்வழிகளுக்கு முன்னரே தெளிவு பெற வேண்டிய அடிப்படை வினா ஒன்று உண்டு. தீய எண்ணம் ஒன்று உள்ளத்தில் தோன்றிய அளவிலேயே அதனை உடையவர் குற்றவாளி ஆகிவிடுகிறாரா? அன்றி, அவ்வெண்ணத்துக்கு அவர் இசையும்போதுதான் குற்றம் தொடங்குகிறதா? இவ்வினாவுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே சோதனைக்கு உள்ளானவர் நம்பிக்கையோடு போராடுவதும், தம்மையே வெறுத்துச் சோர்ந்து வீழ்வதும் அமைகின்றன.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைநிலத்தில் வாழ்ந்த துறவியர் இவ்வினாவுக்குத் தெளிவான விடை ஒன்றைக் கண்டனர். எண்ணத்தின் வருகை வேறு, அதற்கு இசைதல் வேறு என்பதே அவ்விடை. இவ்வேறுபாடு எவ்வாறு உருப்பெற்றது, பிற்காலத்தில் எவ்வாறு மங்கியது, அது மங்கியபோது தனிமனித வாழ்வில் நேர்ந்தது யாது, தமிழ்க் கிறித்தவ இலக்கியத்துக்கு அது எவ்வழியில் வந்தடைந்தது என்பனவற்றை இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது.

‘சோதனை’ என்னும் சொல்

புதிய ஏற்பாட்டில் சோதனையைக் குறிக்க ஆளப்படும் கிரேக்கச் சொல் ‘பெய்ரஸ்மோஸ்’ என்பதாகும். இச்சொல்லுக்கு ஒருவருடைய தகுதியை ஆய்ந்து பார்த்தல் என்னும் பொருளும், தீமையின்பால் ஈர்த்தல் என்னும் பொருளும் ஒருங்கே உண்டு. ஆங்கிலம் முதலிய மொழிகளில் இவ்விரு பொருள்களுக்கும் தனித்தனிச் சொற்கள் வழங்குவதால், மொழிபெயர்ப்பாளர் இடத்துக்கேற்ப ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியவராகின்றனர். தமிழ் விவிலிய வழக்கில் நிலைபெற்றுள்ள ‘சோதனை’ என்னும் சொல்லோ இரு பொருளையும் ஏற்கவல்லது. தூய்மை செய்தல் என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து பிறந்து, தமிழில் ஆய்ந்து பார்த்தல் என்னும் பொருளில் வழங்கிய இச்சொல், கிறித்தவ வழக்கில் தீய ஈர்ப்பையும் குறிப்பதாயிற்று. அவ்வகையில் இது கிரேக்க மூலத்துக்கு நெருங்கிய சொல் எனலாம்.

இவ்விருபொருள் தன்மை இறையியற் சிக்கல் ஒன்றையும் உடன்கொண்டு வந்தது. இயேசு கற்பித்த வேண்டலில் சோதனை பற்றிய விண்ணப்பம் இடம்பெறுகிறது. கடவுளே மனிதரைச் சோதனைக்குள் இட்டுச் செல்கிறாரா என்னும் ஐயம் அதனைப் படிப்போர்க்கு எழுவது இயல்பு. யாக்கோபு எழுதிய திருமுகமோ கடவுள் ஒருவரையும் தீமைக்குத் தூண்டுவதில்லை எனவும், அவரவர் விருப்பமே அவரவரை ஈர்க்கிறது எனவும் உரைக்கிறது. இம்முரணைக் கருதியே 2017 திசம்பரில் பிரெஞ்சுக் கத்தோலிக்கரும், 2020ஆம் ஆண்டு இறுதியில் இத்தாலியக் கத்தோலிக்கரும் வழிபாட்டில் அவ்விண்ணப்பத்தின் சொற்களை மாற்றியமைத்தனர். தமிழ்க் கத்தோலிக்கரின் மரபுவழி வேண்டலில் ‘விழவிடாமை’ என்னும் கருத்துடைய வினையே முன்னரே வழங்கி வந்தமை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. சோதனை வருதல் வேறு, அதில் விழுதல் வேறு என்னும் வேறுபாட்டை அவ்வினை தன்னகத்தே கொண்டுள்ளது.

நற்செய்தி நூல்கள் இயேசுவே சோதிக்கப்பட்டார் எனக் கூறுவது இவ்வேறுபாட்டுக்கு அடித்தளமாகும். மாற்கு இந்நிகழ்ச்சியை இரு வசனங்களில் சுருங்க உரைக்கிறார். மத்தேயுவும் லூக்காவும் மூன்று சோதனைகளை விரித்துரைக்கின்றனர். அவற்றின் வரிசையில் பின்னிரண்டும் இருவரிடத்தும் இடம் மாறியுள்ளன. நாற்பது நாள் நோன்பிருந்தவரிடம் கல்லை அப்பமாக்குமாறும், கோவில் உச்சியினின்று குதிக்குமாறும், உலகின் அரசுகளைப் பெற்றுக்கொள்ளுமாறும் அலகை தூண்டுகிறது. மூன்றுக்கும் அவர் இணைச்சட்ட நூலின் சொற்களைக் கொண்டே மறுமொழி கூறுகிறார். பாவமற்றவராகக் கருதப்படும் ஒருவர் சோதிக்கப்பட்டார் எனின், சோதிக்கப்படுதல் பாவமாகாது என்பது பெறப்படும். எபிரேயர் திருமுகம் இதனை வெளிப்படையாகவே எடுத்துரைக்கிறது.

பாலைநிலத் துறவியர்

துறவி அந்தோனியார் (ஏறத்தாழ கி.பி. 251–356) எகிப்து நாட்டில் வளமான குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் இறந்தபின் தம் நிலங்களைத் துறந்து தவவாழ்வு மேற்கொண்டார். அலெக்சாந்திரியா நகர ஆயர் அத்தனாசியார் எழுதிய அவருடைய வரலாறு கிறித்தவ உலகெங்கும் பரவியது. பிற்கால ஓவியர்கள் அந்தோனியாரின் சோதனையைக் கொடிய விலங்குகளும் கவர்ச்சிமிகு பெண்ணுருவும் சூழ்ந்த காட்சியாகத் தீட்டினர். ஆயின் வரலாற்று நூலில் முதலில் வரும் சோதனை அத்தகையதன்று. விட்டுவந்த உடைமையின் நினைவும், தங்கையைப் பேண வேண்டிய பொறுப்பும், உறவினர் மீதுள்ள பற்றும், உணவின் சுவையும், தவத்தின் கடுமையுமே முதலில் அவரை அலைக்கழித்தன என அந்நூல் கூறுகிறது. இவற்றுள் தங்கையைப் பற்றிய கவலை குற்றமுடையதன்று, அன்பின்பாற்பட்டதே. சோதனை எப்போதும் தீமையின் உருவிலேயே வருவதில்லை என்பதை இத்தொடக்க நூலே உணர்த்திவிடுகிறது.

அந்தோனியாருக்குப் பின் நித்திரியா, கெல்லியா, ஸ்கேத்திஸ் ஆகிய இடங்களில் துறவியர் குடியிருப்புகள் பெருகின. அங்கு வாழ்ந்த மூத்தோரின் கூற்றுகள் பின்னர்த் தொகுக்கப்பட்டன. அவற்றுள் பொய்மென் என்பாரைப் பற்றிய ஒன்று ஈண்டு இன்றியமையாதது. தம்மிடம் பல எண்ணங்கள் வந்து இடர் செய்கின்றன என முறையிட்ட இளந்துறவி ஒருவரை அவர் வெளியே அழைத்துச் சென்று, ஆடையை விரித்துக் காற்றைப் பிடிக்குமாறு பணித்தார். இயலாது என்றார் இளையவர். அவ்வாறே எண்ணங்கள் வருவதைத் தடுத்தல் இயலாது. அவற்றை எதிர்த்து நிற்றலே செய்யத்தக்கது என விளக்கினார் பொய்மென்.

அப்பாலைநிலத்தில் பெண் துறவியரும் வாழ்ந்தனர். அவர்களுள் சாரா என்பார் பதின்மூன்று ஆண்டுகள் உடலின்ப வேட்கையோடு போராடினார் எனவும், அப்போர் ஒழிய வேண்டுமென ஒருமுறையேனும் வேண்டாமல், வலிமையை மட்டுமே வேண்டினார் எனவும் தொகுப்பு நூல்கள் கூறுகின்றன. பெண்ணையே சோதனையின் உருவாகக் காட்டும் கதைகள் அத்தொகுப்புகளில் பலவாகும். அவற்றிடையே சோதனையை எதிர்த்து நிற்பவராக, ஆசிரியராகப் பெண் ஒருவர் இடம்பெறுவது அக்கதைகளின் ஒருதலைச் சார்பைத் திருத்திப் படிக்க இடமளிக்கிறது.

எவாக்ரியுஸின் எட்டு எண்ணங்கள்

பாலைநில அனுபவத்தை முறைப்பட்ட கோட்பாடாக வகுத்தவர் எவாக்ரியுஸ் (ஏறத்தாழ 345–399) ஆவார். சின்ன ஆசியாவின் பொந்துஸ் பகுதியில் பிறந்து, நசியான்சு கிரகோரியாரால் திருத்தொண்டராக்கப்பட்டு, கொன்ஸ்தாந்திநோபிள் நகரில் சொல்வன்மையால் புகழ்பெற்றவர். அந்நகரில் உயர்குடியைச் சேர்ந்த மணமான பெண் ஒருவர்மீது அவருக்குக் காதல் உண்டாயிற்று. அதனின்று விடுபட எருசலேமுக்குச் சென்றார். அங்கு நோயுற்றிருந்தபோது மூத்த மெலானியா என்னும் அம்மையாரின் அறிவுரையால் துறவை உறுதிசெய்து எகிப்து சென்றார். நித்திரியாவில் இரண்டு ஆண்டுகளும் கெல்லியாவில் பதினான்கு ஆண்டுகளும் வாழ்ந்து, சுவடிகளைப் படியெடுத்து அதன் வருவாயில் உண்டு வந்தார். அவருடைய மாணவர் பல்லாதியுஸ் எழுதிய துறவியர் வரலாற்று நூல் இச்செய்திகளைத் தருகிறது. சோதனை பற்றி அவர் எழுதியவை ஏட்டறிவால் மட்டும் விளைந்தவை அல்ல என்பதற்கு இவ்வரலாறே சான்றாகும்.

எவாக்ரியுஸ் மனத்தை அலைக்கும் எண்ணங்களை எட்டாக வகுத்தார். பெருந்தீனி, உடலின்ப வேட்கை, பொருளாசை, துயரம், சினம், ‘அகேதியா’, வீண்புகழ் விருப்பம், செருக்கு என்பன அவை. இவற்றை அவர் ‘லொகிஸ்மொய்’, அதாவது எண்ணங்கள் என்றே குறித்தார். பாவங்கள் என்று பெயரிடவில்லை. இவ்வெண்ணங்கள் நம்மைத் தொல்லைப்படுத்துவதும் படுத்தாததும் நம் கையில் இல்லை எனவும், அவை நம்மிடம் தங்குவதும் தங்காததும், உணர்வுகளைக் கிளறுவதும் கிளறாததும் நம் கையில் உள்ளன எனவும் அவர் தெளிவுபடுத்தினார். பொய்மென் காற்றைக் காட்டி விளக்கிய உண்மை இவரிடம் கோட்பாட்டு வடிவம் பெறுகிறது.

திருக்குறள் மெய்யுணர்தல் அதிகாரத்தில் காமம், வெகுளி, மயக்கம் என்னும் மூன்றைச் சுட்டி, அவற்றின் கேட்டால் துன்பம் கெடும் என உரைப்பதைத் தமிழறிஞர் அறிவர். அங்குக் கூறப்படுவது அம்மூன்றையும் அடியோடு களைந்த நிறைநிலை. எவாக்ரியுஸும் உணர்வுக் கொந்தளிப்பு அடங்கிய அமைதி நிலையை இலக்காகக் கொண்டவரே. எனினும் அவருடைய எண்வகைப் பகுப்பு அந்நிலையை நோக்கிச் செல்பவர் நாள்தோறும் எதிர்கொள்வனவற்றின் பட்டியலாகும். துயரத்தையும் அகேதியாவையும் தனித்தனியே பிரித்தமை இதன் சிறப்பியல்பு.

அகேதியா பற்றிய அவருடைய விளக்கம் புகழ்பெற்றது. நண்பகலை ஒட்டி இது துறவியைத் தாக்கும். கதிரவன் நகரவே இல்லை என்று தோன்றும். பகல் ஐம்பது நாழிகை நீண்டதுபோல் இருக்கும். உணவு வேளை எப்போது வரும் என்று பலகணி வழியே பார்க்கத் தூண்டும். இருக்குமிடத்தின் மீதும் செய்யும் கைவேலையின் மீதும் வெறுப்பு உண்டாகும். உடன்வாழ்வோரிடம் அன்பு அற்றுப்போயிற்று என்றும், வேறிடம் சென்றால் எளிதாக வாழலாம் என்றும் எண்ணம் எழும். இது வெறும் சோம்பல் அன்று. ஏற்றுக்கொண்ட வாழ்வின் மீதே எழும் சலிப்பாகும்.

இவ்வெண்ணங்களை எதிர்கொள்ள எவாக்ரியுஸ் இரு வழிகளைக் கூறினார். முதலாவது உற்றுநோக்கல். எந்த எண்ணம் எப்போது வருகிறது, எது வலிமையோடும் எது மெலிந்தும் வருகிறது, எதனைத் தொடர்ந்து எது வருகிறது என்பவற்றைத் துறவி குறித்தறிய வேண்டும். இரண்டாவது மறுமொழி கூறல். ‘அந்திரெத்திகோஸ்’ என்னும் அவருடைய நூல் எட்டு எண்ணங்களுக்கும் எட்டுப் பகுதிகளாக அமைந்தது. எண்ணம் ஒவ்வொன்றும் எடுக்கும் பல்வேறு வடிவங்களைச் சுட்டி, ஒவ்வொன்றையும் எதிர்த்துச் சொல்லத்தக்க விவிலியத் தொடரை அது எடுத்துத் தருகிறது. பாலைநிலத்தில் இயேசு மறைநூற் சொற்களால் மறுமொழி கூறிய முறையே இதற்கு முன்மாதிரி. கிரேக்க மூலம் மறைந்துவிட்ட இந்நூல் சிரிய மொழிபெயர்ப்பில் காக்கப்பட்டுள்ளது. 553ஆம் ஆண்டுக் கொன்ஸ்தாந்திநோபிள் பொதுச்சங்கத்தை ஒட்டி ஒரிகனின் கொள்கைகளோடு எவாக்ரியுஸின் கொள்கைகளும் கண்டிக்கப்பட்டன. அதன்பின் அவருடைய நூல்கள் சில நீலுஸ் என்னும் வேறொருவர் பெயரில் வழங்கலாயின. பெயர் மறைந்தும் கருத்து மறையாமைக்கு இது எடுத்துக்காட்டாகும்.

மூத்தோரிடம் வெளிப்படுத்தல்

எகிப்தியத் துறவியரின் அறிவை இலத்தீன் உலகுக்குக் கொண்டுசென்றவர் யோவான் காசியன் (ஏறத்தாழ 360–435). நண்பர் கெர்மானுவோடு எகிப்தில் பல ஆண்டுகள் தங்கிய இவர், பின்னர் மார்சேய் நகரில் துறவு மடங்களை நிறுவினார். மூத்தோருடன் நிகழ்ந்த உரையாடல்களாக அவர் எழுதிய நூலில் மோசே என்னும் துறவி மனத்தைத் திரிகைக்கு ஒப்பிடுகிறார். நீரின் விசையால் சுழலும் திரிகையை நிறுத்த இயலாது. அதில் கோதுமையை இடுவதா, களையின் விதையை இடுவதா என்பது அதனை நடத்துபவர் கையில் உள்ளது. மேலும், எண்ணங்களை ஆய்பவர் நாணயம் ஆய்வோரைப் போன்றிருக்க வேண்டும் எனவும் அவர் கூறுகிறார். பொன்னின் தரம், அதிற் பொறித்த உருவம், எடை ஆகியவற்றை அவர்கள் நோக்குவதுபோல் எண்ணத்தின் தன்மையையும் பிறப்பிடத்தையும் நோக்க வேண்டும். சங்கப் புலவர் சிலரின் பெயர்களில் காணப்படும் ‘வண்ணக்கன்’ என்பது இத்தொழிலோரைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்லாகும். இவ்வுவமையில் சோதனைக்கு உள்ளாகும் மனிதர் தாமே சோதிப்பவராகவும் ஆகின்றார். சோதனை என்னும் சொல்லின் இரு பொருளும் ஒன்றுகூடுகின்றன.

உற்றுநோக்கல், மறுமொழி கூறல் ஆகியவற்றோடு காசியன் மூன்றாவது வழி ஒன்றையும் வலியுறுத்துகிறார். எண்ணத்தை மறைக்காமல் மூத்த துறவி ஒருவரிடம் வெளிப்படுத்தலே அது. செராப்பியோன் என்னும் துறவி தம் இளமையில் நாள்தோறும் உணவுக்குப்பின் அப்பத்துண்டு ஒன்றைத் திருடி உண்டுவந்தார். வெட்கத்தால் மறைத்தவரை அப்பழக்கம் அடிமைப்படுத்தியது. ஒருநாள் மூத்தோர் முன்னிலையில் அதனை வெளியிட்டு அழுதபோது அதன் பிடி தளர்ந்தது. மறைவில் வலிமை பெறும் சோதனை வெளிச்சத்தில் மெலிகிறது என்பது இதன் கருத்து.

எனினும் எல்லா மூத்தோரும் இதற்குத் தகுதியுடையோர் அல்லர் என்பதையும் காசியன் மறைக்கவில்லை. உடலின்ப வேட்கையால் வருந்திய இளந்துறவி ஒருவர் முதியவர் ஒருவரிடம் சென்று தம் நிலையைக் கூறினார். முதியவரோ அவரைக் கடிந்து, துறவி என்னும் பெயருக்கே தகாதவர் என இகழ்ந்தார். மனமுடைந்த இளையவர் துறவைக் கைவிட்டு ஊர் திரும்பலானார். வழியில் அவரைக் கண்ட அப்பொல்லோ என்னும் மூத்தவர், இம்முதுமையிலும் தமக்கும் அத்தகைய எண்ணங்கள் வருவதுண்டு எனக் கூறித் தேற்றி அவரைத் திருப்பி அனுப்பினார். பின்னர், இளையவரின் சோதனை அம்முதியவருக்கு வருமாறு வேண்டினார். முதியவர் ஒருநாளும் தாங்கமாட்டாது தாமும் ஊரை நோக்கி ஓடினார். எண்ணத்தையே குற்றமாகக் கொண்டு பழிப்பவர் சோதனைக்கு மருந்தாகாமல் அதன் துணைவராகி விடுகிறார் என்பதை இக்கதை காட்டுகிறது.

தூண்டல், இன்பம், இசைவு

பாலைநிலம் அனுபவத்தால் கண்ட வேறுபாட்டை இலத்தீன் இறையியல் சொற்களால் வரையறுத்தவர் அகுஸ்தீனார் (354–430). காமநோக்கோடு பார்ப்பவர் உள்ளத்தால் விபசாரம் செய்தவராவார் என்னும் மத்தேயு நற்செய்திப் பகுதி, எண்ணமே குற்றம் எனக் கூறுவதுபோல் தோன்றுவது. மலைப்பொழிவுக்கு எழுதிய விளக்கத்தில் அகுஸ்தீனார் இதனை ஆராய்ந்து, தூண்டல், இன்பம், இசைவு என மூன்று படிகளை வகுத்தார். நினைவாலோ புலனாலோ தூண்டல் வருகிறது. அதனால் இன்பம் எழுகிறது. உள்ளம் அதற்கு இசையும்போது பாவம் நிறைவுறுகிறது. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தையான பெரிய கிரகோரியார் இம்மூன்று படிகளையே கொண்டு இயேசுவின் சோதனையை விளக்கினார். இயேசுவுக்குத் தூண்டல் மட்டுமே வந்தது, பின்னிரண்டும் அவரிடம் இடம்பெறவில்லை என்றார்.

அகுஸ்தீனார் இதனைத் தம் வாழ்வோடும் பொருத்திப் பார்த்தவர். 386ஆம் ஆண்டு மிலான் நகரில் அந்தோனியாரின் வரலாற்றைக் கேட்டது அவருடைய மனமாற்றத்துக்குத் தூண்டுகோலாயிற்று. அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்து, ஆயராகி எழுதிய தன்வரலாற்று நூலின் பத்தாம் பகுதியில், பழைய நினைவுகள் கனவில் இன்னும் தம்மை ஈர்ப்பதை அவர் ஒளிக்காது கூறுகிறார். விழிப்பில் மறுக்கும் தாமும் உறக்கத்தில் இசையும் தாமும் ஒருவரே ஆவரோ என வினவுகிறார். ஆயர் ஒருவர் தம் மக்கள் படிக்கும் நூலில் இதனை எழுதியமை, சோதனை உடையோர் குற்றவாளியாகார் என்னும் நம்பிக்கையின் செயல்வடிவம் எனக் கொள்ளலாம்.

இசைவை மறுக்கும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. பெலாகியுஸ் என்பார் கடவுள் அளித்த தன்னுரிமையால் மனிதர் தீமையைத் தவிர்க்க இயலும் என்றார். அருளின்றி அது இயலாது என்றார் அகுஸ்தீனார். 418ஆம் ஆண்டுக் கார்த்தேசு சங்கம் பெலாகியுஸின் கொள்கையைக் கண்டித்தது. மனவுறுதி ஒன்றே போதும் என்னும் அறவுரை பிற்காலத்தும் பலர் வாயில் ஒலிப்பினும், அது திருச்சபையின் ஏற்பைப் பெற்ற கொள்கையன்று என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

எண்ணங்கள் பாவங்களாதல்

இவ்வளவு தெளிவாக வகுக்கப்பட்ட வேறுபாடு பிற்காலத்தில் மங்கியது எவ்வாறு? அதன் தடத்தைப் பட்டியலின் பெயர் மாற்றத்தில் காணலாம். எவாக்ரியுஸின் எட்டு எண்ணங்கள் காசியனிடம் எட்டுத் தீக்குணங்கள் ஆயின. பெரிய கிரகோரியார் யோபு நூலுக்கு எழுதிய விரிவுரையில் செருக்கை அனைத்துக்கும் வேராகத் தனியே வைத்து, எஞ்சியவற்றை ஏழாக்கினார். அகேதியாவைத் துயரத்தோடு இணைத்து, பொறாமையைப் புதிதாகச் சேர்த்தார். இடைக்காலத்தில் இப்பட்டியல் மேலும் திருந்தி, தலையான பாவங்கள் ஏழு என்னும் வடிவில் நிலைபெற்றது. உள்ளத்துக்கு வருவனவாக இருந்தவை உள்ளத்தின் இயல்புகளாகவும், பின்னர்க் கணக்கிடத்தக்க குற்றங்களாகவும் ஆயின.

இம்மாற்றத்துக்குப் பயன்பாட்டு நோக்கமும் காரணமாகும். அயர்லாந்து நாட்டில் ஆறாம் நூற்றாண்டு முதல் தோன்றிய ஒறுத்தல் நூல்கள் பாவத்துக்கேற்ற பரிகாரத்தை அளவிட்டுக் கூறின. அவற்றுள் கும்மியான் பெயரால் வழங்குவது காசியனின் எட்டுப் பிரிவுகளையே பின்பற்றி அமைந்தது. 1215ஆம் ஆண்டு நான்காம் இலாத்தரான் சங்கம் அறியும் பருவம் எய்திய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவ அறிக்கை செய்ய வேண்டும் என விதித்தது. அவ்விதியே குருவைக் காயத்துக்கு மருந்திடும் திறமிக்க மருத்துவருக்கு ஒப்பிடுகிறது. ஆயினும் இலட்சக்கணக்கான மக்களுக்கு ஆண்டுக்கொருமுறை நிகழும் விசாரணையில், நாள்தோறும் எண்ணங்களை உடனிருந்து கேட்ட பாலைநில மூத்தவரின் நிலை முழுமையாக அமைதல் அரிது. செய்த குற்றத்தைக் கூறுதல் முதன்மை பெற்றது; வந்த எண்ணத்தைக் கூறுதல் பின்தங்கியது.

தமிழகக் கடற்கரைக்குக் கிறித்தவ அறக்கல்வி நூல்வடிவில் வந்தது இக்கட்டத்திலேயே ஆகும். 1547 முதல் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய என்றீக் என்றீக்கசு அடிகளார் 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’, 1579இல் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ ஆகியவற்றை அச்சிட்டார். 1580இல் வெளிவந்த ‘கொம்பெசியனாயரு’ பாவ அறிக்கைக்கு உதவும் நூலாகும். தமிழ் அச்சின் தொடக்க நூல்களுள் ஒன்று மனச்சான்றை ஆய்வதற்கெனவே எழுந்தது என்பது தமிழ் உரைநடை வரலாற்றில் கருதத்தக்க செய்தி. பின்னாளில் தமிழ் ஞானோபதேச மரபில் வழங்கும் தலையான பாவங்களின் பட்டியலில் அகேதியாவின் இடத்தில் ‘சோம்பல்’ என்னும் சொல் அமைந்துள்ளது. எவாக்ரியுஸ் விளக்கிய நண்பகல் சலிப்புக்கும் திருக்குறள் மடியின்மை அதிகாரத்தில் கடியும் மடிக்கும் இடையேயுள்ள வேறுபாடு இச்சொல்லில் மறைந்துபோகிறது. இது மொழிபெயர்ப்பாளரின் குறையன்று. மேலைநாட்டு மரபிலேயே அப்பொருள் சுருங்கிவிட்டது.

என்றீக்கசு அடிகளார் சார்ந்திருந்த இயேசு சபையின் நிறுவனர் இலொயோலா இஞ்ஞாசியார் (1491–1556) பழைய வேறுபாட்டை மீட்டெடுத்தவருள் ஒருவர் என்பதும் ஈண்டு கூறத்தக்கது. 1521இல் பம்பலோனா போரில் காயமுற்றுப் படுக்கையில் இருந்தபோது, வீரச்செயல் பற்றிய கற்பனைகள் இறுதியில் வறட்சியையும், புனிதர்களைப் பின்பற்றும் எண்ணங்கள் நிறைவையும் தருவதை அவர் உணர்ந்தார். எண்ணங்களை அவற்றின் விளைவால் அறியும் நெறிகளை அவருடைய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ வகுத்துரைக்கிறது. மறைவில் நடப்பதையே பகைவன் விரும்புவதால் சோதனையை ஆன்ம வழிகாட்டியிடம் வெளிப்படுத்த வேண்டும் என்னும் நெறி காசியனின் கருத்தோடு ஒத்துள்ளது.

பன்யனின் துன்பமும் தமிழ்க் காப்பியமும்

வேறுபாடு மங்கியவிடத்துத் தனிமனிதர் அடையும் துன்பத்துக்கு ஆங்கில எழுத்தாளர் ஜான் பன்யன் (1628–1688) வாழ்வு சான்றாகிறது. பெட்போர்டு நகருக்கு அருகில் பாத்திரம் செப்பனிடும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1666இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் தம்மைப் பற்றிய கொடிய சோதனை ஒன்றை விவரிக்கிறார். கிறித்துவை விற்றுவிடு என்னும் எண்ணம் ஏறத்தாழ ஓராண்டு அவரை விடாது தொடர்ந்தது. உண்ணும்போதும் குச்சியை வெட்டும்போதும் அது வந்தது. அவர் ஓயாது மறுத்து வந்தார். ஒருநாள் காலை, மறுத்து மறுத்துக் களைத்த நிலையில், அவர் விரும்பினால் போகட்டும் என்னும் நினைவு உள்ளத்தினூடே சென்றது. அக்கணமே தாம் மீட்பை இழந்ததாக நம்பி, தலைமகன் உரிமையை விற்ற ஏசாவோடு தம்மை ஒப்பிட்டு, ஈராண்டுக்கும் மேலாக வருந்தினார். மூத்த கிறித்தவர் ஒருவரிடம் தம் நிலையைக் கூறி, மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டதாகத் தாம் அஞ்சுவதை வெளியிட்டார். தமக்கும் அவ்வாறே தோன்றுவதாக அம்மூத்தவர் மறுமொழி கூறினார்.

காசியன் கூறிய கதையின் முதல் முதியவரே இங்கு மீண்டும் தோன்றுகிறார், அப்பொல்லோ தோன்றவில்லை. அம்மூத்தவர் இத்தகைய போராட்டத்தை அறியாதவர் எனப் பன்யன் பின்னர்க் குறிப்பிடுகிறார். களைப்பில் உள்ளத்தினூடே சென்ற எண்ணத்தை இசைவாகக் கொண்டதே அவருடைய துன்பத்துக்குக் காரணமாயிற்று. 1678இல் வெளிவந்த ‘மோட்ச பயணம்’ என்னும் உருவகக் கதையில் இவ்வனுபவம் தெளிவு பெற்ற வடிவில் இடம்பெறுகிறது. மரண நிழல் பள்ளத்தாக்கில் செல்லும் பயணியின் பின்னே தீய ஆவி ஒன்று வந்து இறைப்பழிச் சொற்களைக் காதில் மெல்ல ஓதுகிறது. அவை தம் உள்ளத்திலிருந்தே எழுந்தன எனப் பயணி எண்ணி, அதுவரை அடைந்த துன்பம் அனைத்தினும் மிகுதியாக வருந்துகிறார். ஓதியது பிறிதொன்று என்பதைக் கதை படிப்போர் அறிவர்; பயணி அறியார். எண்ணத்தின் வருகையும் இசைவும் வேறு என்னும் பழைய உண்மையை, இறையியல் நூல் எதையும் சுட்டாது, கதைக்காட்சி ஒன்றால் பன்யன் நிலைநாட்டிவிட்டார்.

இக்கதையைத் தழுவியே எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) ‘இரட்சணிய யாத்திரிக’க் காப்பியத்தை இயற்றினார். திருநெல்வேலிப் பகுதியில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்ற அவர், கம்பரில் தோய்ந்த புலமையோடு 1894இல் அதனை நூலாக வெளியிட்டார். ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்து பருவங்களாக அமைந்த அக்காப்பியத்தில் பயணியின் அகப்போராட்டம் தமிழ்க் காப்பிய நடையில் உருப்பெறுகிறது. புறப்போரைப் பாடும் நெடிய மரபுடைய தமிழில், ஒருவர் தம் உள்ளத்தோடு நிகழ்த்தும் போரே காப்பியத்தின் நடுப்பொருளானமை கிருஷ்ணபிள்ளையின் பணியால் விளைந்த சிறப்பாகும். சோதனைகளின் ஊடே செல்பவரே இக்காப்பியத்தின் தலைவர், சோதனையற்றவர் அல்லர்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. கிறித்தவ மரபின் தொடக்கத்தில் சோதனையை எதிர்த்தல் என்பது எண்ணங்களை வராமல் தடுக்கும் முயற்சியாகக் கருதப்படவில்லை. எண்ணத்தை உற்றுநோக்கிப் பெயரிடல், மறைநூற் சொல்லால் மறுமொழி கூறல், தகுதியுடைய மூத்தவரிடம் வெளிப்படுத்தல் ஆகிய மூன்றுமே அதன் வழிகளாயின. எண்ணத்தின் வருகை குற்றமன்று, இசைவே குற்றம் என்னும் வேறுபாடு இம்மூன்றுக்கும் அடிப்படை. இதனை எவாக்ரியுஸ் பட்டறிவால் வகுத்தார். அகுஸ்தீனாரும் கிரகோரியாரும் இறையியலாக வரையறுத்தனர். எண்ணங்களின் பட்டியல் பாவங்களின் பட்டியலாக மாறியபோது இவ்வேறுபாடு கோட்பாட்டளவில் நிலைத்தும், பொதுமக்கள் வாழ்வில் மங்கியது. அதன் விளைவைப் பன்யனின் வாழ்வில் காணலாம்.

தமிழ்க் கிறித்தவ இலக்கியம் இவ்விரு நிலைகளையும் ஏற்றுள்ளது. பாவ அறிக்கை நூல்களும் ஞானோபதேசப் பட்டியல்களும் ஒன்றனைக் கொண்டுவந்தன. இரட்சணிய யாத்திரிகம் போன்ற இலக்கியங்கள் மற்றொன்றைக் கொண்டுவந்தன. சோதனை என்னும் சொல் தன் இரு பொருளையும் இழவாது தமிழில் நின்று வருவதால், அச்சொல்லின் வழியே இவ்விரு நிலைகளையும் இணைத்து ஆராய இடமுண்டு. பாவ அறிக்கை நூல்கள், ஞானோபதேசங்கள், சிற்றிலக்கியங்கள் ஆகியவற்றில் எண்ணம், விருப்பம், இசைவு ஆகியவற்றைக் குறிக்க ஆளப்பட்ட சொற்களைத் தொகுத்து ஒப்பிடின், தமிழ்க் கிறித்தவர்கள் தம் அகவாழ்வைப் புரிந்துகொண்ட வரலாறு மேலும் தெளிவுறும். சோதனையால் வருந்துவோரைப் பழிக்காது தாங்கும் பாலைநில மூத்தோரின் பண்பு அவ்வரலாற்றில் எங்கெங்கு ஒலித்தது என்பதும் அதனால் புலனாகும்.